கூட்டம் கலைந்த பிறகு

'தி வாக்கிங் டெட்' என்ற நடைப்பிணத் தொடரின் நான்காம் சீசனை மறுபடியும் பார்த்து முடித்தேன். 2013 டிசம்பர் 1 அன்று வந்த எட்டாவது எபிசோடில் கூட்டம் தங்கியிருந்த சிறைச்சாலை விழுகிறது. வேலி காத்து, தோட்டம் போட்டு, ஒரே வீட்டு மனிதர்களாக வாழ்ந்த அந்தக் கூட்டம் சிறு சிறு துண்டுகளாகச் சிதறி ஓடுகிறது. மீதி எட்டு எபிசோடும் அந்தத் துண்டுகளின் கதைதான். கதை நகரவே இல்லை என்று அப்போது சலித்துக்கொண்டவர்கள் நிறைய. எனக்கோ அந்தத் தொடரின் ஆகச் சிறந்த பகுதியே அதுதான்.

கூட்டமாக இருக்கும்வரை ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைதான். டேரில் குறுக்குவில் பிடிப்பான். பெத் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், எப்போதாவது பாடுவாள். இரண்டாம் சீசனிலிருந்து பின்வரிசையிலேயே நின்ற பெண். பன்னிரண்டாவது எபிசோடில் இவர்கள் இருவர் மட்டும். பெத் வாழ்நாளில் குடித்ததில்லை. ஒரு முறையாவது குடித்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அலைந்து திரிந்து ஒரு குடிசையில் நாட்டுச் சாராயம் கிடைக்கிறது. டேரில் சிறுவனாக வளர்ந்த வீடும் அப்படிப்பட்டதுதான். போதை ஏறியதும் அவன் கத்துகிறான், பிறகு அழுகிறான். கடைசியில் மிச்சமிருக்கும் சாராயத்தையே ஊற்றி அந்தக் குடிசைக்குத் தீ வைக்கிறார்கள். கூட்டத்தின் தலைவன் ரிக் பக்கத்தில் இருந்திருந்தால் டேரில் அழுதிருக்க மாட்டான். யார் முன்னால் அழ முடியும் என்பது, யார் யாரோடு மாட்டிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

*

பிரித்துவிட்ட பிறகு கதையை ஓட்டுவது எது? யாருக்கு எது தெரியாது என்பதுதான்.

ரிக்கும் மகன் கார்லும் குழந்தை ஜூடித்தின் காலி இருக்கையில் ரத்தத்தைப் பார்க்கிறார்கள். செத்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு போகிறார்கள். இரண்டு எபிசோடு தள்ளி, கூட்டத்தில் இன்னொருவனான டைரீஸின் கையில் குழந்தை உயிரோடு இருப்பது நமக்குக் காட்டப்படுகிறது. அதற்குப் பிறகு ரிக் வரும் எந்தக் காட்சியையும் முன்போல் பார்க்க முடிவதில்லை. நமக்குத் தெரியும், அப்பனுக்குத் தெரியாது. ஐந்தாம் சீசன் முதல் எபிசோடு, 2014 அக்டோபர் 12 வரை அந்தப் பாரத்தை நாமே சுமந்துகொண்டிருந்தோம். குழந்தையிடம் அவனைக் கூட்டிப்போகிறவள் கேரல். அவளைக் கூட்டத்தைவிட்டுத் துரத்தியதே ரிக்தான். இந்த ஒரு நிமிடத்துக்காக எட்டு எபிசோடு பிரித்துவைத்தது தகும்.

மேகி செய்வதையும் சொல்ல வேண்டும். ரயில் பாதை ஓரத்துப் பலகைகளில், கொன்ற நடைப்பிணத்தின் ரத்தத்தைத் தொட்டு, கிளென்னுக்குச் சேதி எழுதிக்கொண்டே போகிறாள். செல்போன் இல்லாத உலகத்தில் கணவனுக்குக் கடிதம். வசனம் ஏதும் தேவைப்படவில்லை.

*

இப்படிப் பிரிந்த தடங்களில் கதை சொல்வது பாலக்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. இங்கே பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. நீளத் திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்குகள், கம்பனின் பாட்டு, புலவர்களின் விளக்கம். விடிய விடிய நடக்கும். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் நடக்கும். காரணம் எல்லோருக்கும் தெரிந்த கதை: ராமனும் ராவணனும் மோதிய நேரத்தில் காளி தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். பெரிய யுத்தத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தவறவிட்டதை அவளுக்குக் காட்டத்தான் ஆண்டுதோறும் கூத்து. தனித் தடத்தில் போய்விட்ட ஒரு பாத்திரத்துக்கு, மற்ற தடத்தில் நடந்ததை இத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இதைவிட அழகான ஒரு கதை ஏற்பாடு எனக்குத் தெரியாது.

ராமாயணமே ஆட்களைப் பிரிப்பதில் பெரிய பாடம். சுக்கிரீவன் வானரப் படையை நாலு திசைக்கும் அனுப்புகிறான். கதை தெற்கே போனவர்களுடன் மட்டும் போகிறது. மற்ற மூன்று படைகளுக்கும் ஒதுக்கிய இடம் கொஞ்சம்தான். நாலு துண்டுக்கும் சமமாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று கம்பனுக்குத் தோன்றவில்லை, தோன்றாததே நல்லது. சுந்தர காண்டத்தின் பெரும்பகுதியில் நாயகனே இல்லை. சீதை இருக்குமிடம் நமக்குத் தெரியும். ராமனுக்குத் தெரியாது.

*

பிரித்ததால் கெட்டதும் உண்டு. 'தி வாக்கிங் டெட்' தொடரின் ஏழாம் சீசன். 2016 அக்டோபரில் முதல் எபிசோடை அமெரிக்காவில் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசி எபிசோடுக்கு 1 கோடியே 13 லட்சமாக இறங்கிவிட்டது. முதல் எபிசோடின் கொடூரமும் ஒரு காரணம். ஆனால் வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு கூட்டம் என்று பங்கு வைத்ததையும் சொல்லியாக வேண்டும். சிறைச்சாலை விழுந்தபோது ஓடினார்கள், அதனால் பிரிந்தார்கள். ஏழாம் சீசனில் பெரும்பாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் ஏறக்குறையத் தெரியும். ஆனாலும் சந்திக்க மாட்டார்கள். இப்படிப் பிரித்தால் கால்ஷீட்டுக்காகப் பிரித்த மாதிரி இருக்கும். அது உண்மையோ இல்லையோ, அந்த நினைப்பு பார்ப்பவருக்கு வந்துவிட்டாலே கதை போயிற்று.

ஒரு விலக்கு: கூட்டத்தில் ஒருத்தி, டாரா. கடலோரத்தில் ஒதுங்கி, ஊரில் நடந்தது எதுவும் தெரியாமல் உற்சாகமாகத் திரும்பி வருகிறாள். வாசலில் நண்பன் யூஜினின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோகிறது. மோசமான சீசனிலும் 'தெரியாதது' தன் வேலையைச் செய்துவிடுகிறது.

*

கேரள வெள்ளத்தைப் பற்றிய ஜூட் ஆந்தணி ஜோசப்பின் '2018' படம் (2023 மே) தலைகீழாகப் போகிறது. அங்கே ஆரம்பத்திலிருந்தே ஆட்கள் தனித்தனி: ஊரோடு தங்கிவிட்ட முன்னாள் ராணுவக்காரன், மீனவர் குடும்பம், கட்டுப்பாட்டு அறை அதிகாரி, தமிழ்நாட்டிலிருந்து வரும் லாரி டிரைவர். தண்ணீர்தான் அவர்களைச் சேர்க்கிறது. கலையரசன் நடித்த அந்த லாரி டிரைவர்மேல் எனக்கு ஒரு ஆதங்கம். எல்லை தாண்டி வரும் ஒரே தமிழன் அவன், மனம் மாறுகிறான். ஆனால் அவனுக்கென்று ஒரு துணை இல்லை, எதிரே நின்று பேச ஆள் இல்லை. பிரிந்து நிற்பவனுக்கு இன்னொரு முகம் கொடுக்காவிட்டால் அவன் செய்தியாகவே நின்றுவிடுவான்.

நிஜ வெள்ளத்தில் தண்ணீர் பிரிக்கவும் செய்தது. 2018 ஆகஸ்ட் 9 அன்று இடுக்கியின் செறுதோணி அணை ஷட்டரை 26 வருடம் கழித்துத் தூக்கினார்கள். அந்த மழையில் பாலக்காட்டில் நெல்லியாம்பதி ரோடு சரிந்து, மலை தனியாகத் துண்டாகிவிட்டது. மேலே இருந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது.

*

பெட்டிமுடி நிலச்சரிவைக் கதைக்குப் பொருளாக எடுக்கக் கை வரவில்லை, ஆனாலும் இந்த மலைகளில் பிரிவைப் பற்றி எழுதுகிறவர் அதை மறந்துவிட்டு எழுதக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள்மேல் மலை இறங்கியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. பெரியவாரைப் பாலம் போயிருந்ததால் உதவி போய்ச் சேரவும் தாமதம். 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு பக்கம் உறவுக்காரர்கள். நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. தொடர்களில் பிரிந்தவர்கள் சேர்வதைப் பார்த்து நான் அழுகிறேன் என்றால், இது தெரிந்திருப்பதும் ஒரு காரணம்.

*

இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு தொடர் எழுதினால் எங்கே பிரிப்பது?

வாளையாறு வேண்டாம். அகலமான கணவாய், சிதறியவர்கள் ஒரே நாளில் சேர்ந்துவிடுவார்கள். குமுளியும் போடிமெட்டும் பரவாயில்லை. கீழே இறங்கியவர் வேறு, மேலேயே நின்றவர் வேறு என்று ஆகும்.

பரம்பிக்குளம்தான் சரி. பாலக்காடு மாவட்டம், ஆனால் ரோடு பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் கேரளத்துக்குள் வர வேண்டும். சேத்துமடையில் வழி அடைபட்டால் உள்ளே இருப்பவர் தனி. 2020இல், கொரோனாக் காலத்து எல்லைக் கெடுபிடியில், பரம்பிக்குளத்துத் தேக்கடி ஊர்க்காரர்கள் கேரளப் பக்கத்துச் செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுவழி வெட்டத் தொடங்கினார்கள். கதைக்கு வேறு எதுவும் கற்பனை செய்ய வேண்டாம்.

அப்படியானால்: அணைக்கட்டு ஊழியர் ஒருவர், அவருக்குப் பிடிக்காத மச்சினர், உள்ளூர்ப் பெண் ஒருத்தி. மூவரும் உள்ளே. ஊழியரின் மனைவி பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொள்கிறாள். அவள் உயிரோடு இருப்பதை மூன்றாம் எபிசோடிலேயே நமக்குக் காட்டிவிட வேண்டும். ஊழியருக்குச் சொல்லக் கூடாது. வழி வெட்டத் தொடங்குவது மச்சினர். தங்கையைத் தேடி அல்ல, தான் தப்பிக்க. அந்த நோக்கம் எட்டாவது எபிசோடில் மாறட்டும்.