எந்தத் துறைக்குச் சீட்டு?

ஒவ்வோர் ஆண்டும் மாணவர் சேர்க்கை முடிந்த சில வாரங்களில், தில்லியிலுள்ள தமிழ் ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி தவறாமல் வந்துவிடும்: ‘இங்கே அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?’ கேட்பவருக்குப் பல்வலியாக இருக்கலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில் என்றால் பெரும்பாலும் டெங்கு பற்றிய அச்சம். பதில்களோ ஒற்றை வரியில் வரும். ‘ஆன்லைனில் போடு’, ‘காலையில் சீக்கிரம் போ’, ‘தனியாருக்கே போய்விடு’. இந்த ஆண்டு எனக்கே இதில் நீண்ட பட்டறிவு வாய்த்துவிட்டதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

சென்ற பிப்ரவரியில் என் கழுத்தின் வலப்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு தென்பட்டது. முதலில் கண்டவள் விடுதி அறைத்தோழி. வலி இல்லை. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே மேலேறி இறங்கியது. பல்கலைக்கழக நலமையத்தின் மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து, தைராய்டுச் சுரப்பியில் கட்டி போலிருக்கிறது, இத்தகையவற்றில் மிகப்பெரும்பாலானவை தீங்கற்றவை, ஆயினும் ஸ்கேன் எடுத்து உறுதிசெய்தே ஆக வேண்டும் என்று கூறி, பெரிய மருத்துவமனைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்.

‘மிகப்பெரும்பாலானவை’ என்னும் சொல்லை ஆய்வேட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது நம் கழுத்தைப் பற்றிச் சொல்லப்படும்போது எஞ்சிய சிறுபான்மையே கண்ணுக்குத் தெரிகிறது. என் அப்பாவின் தமக்கை இதே போன்றதொரு கட்டியை இரண்டு ஆண்டுகள் முந்தானையால் மறைத்துக்கொண்டு வயல்வேலைக்குப் போய்வந்தார். தஞ்சை மெடிக்கலுக்கு அழைத்துச் சென்றபோது காலம் கடந்திருந்தது. ஆகவே அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, காத்திருக்கவும் மனமில்லை. தனியார் மருத்துவமனையில் விசாரித்ததில், மருத்துவருக்கான கட்டணம், ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து என் ஒரு மாத உதவித்தொகையை விழுங்கிவிடும் என்று தெரிந்தது. நெட் தகுதி அல்லாத வழியில் சேர்ந்தவர்களுக்கு அது மாதம் 8,000 ரூபாய். அதுவும் மாதாமாதம் வருவதில்லை என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மத்திய அரசு 2015-இல் தொடங்கிய இணையவழிப் பதிவு முறை ஒன்று இருக்கிறது. மாநிலம், மருத்துவமனை, துறை, நாள் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; கைபேசிக்கு வரும் கடவு எண்ணை இட வேண்டும். பார்ப்பதற்கு இரயில் பயணச்சீட்டு எடுப்பதைப் போல எளிதாகவே தோன்றும். சிக்கல் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. எந்தத் துறை? கழுத்தில் கட்டி என்றால் நாளமில்லாச் சுரப்பியியலா, காது மூக்கு தொண்டையா, பொது அறுவை மருத்துவமா, பொது மருத்துவமா? நான்கும் பொருந்தும். மருத்துவர் சொல்ல வேண்டியதை நோயாளியே முன்கூட்டித் தெரிந்து வந்து பட்டியலில் தேர்வு செய்ய வேண்டும் என்று இம்முறை எதிர்பார்க்கிறது. சுரப்பியியல் சிறப்புப் பிரிவில் வேறு துறையின் பரிந்துரை இல்லாமல் புதியவர்களைப் பார்ப்பதில்லை. பொது அறுவைப் பிரிவில் காட்டப்பட்ட நாட்கள் அனைத்தும் நிரம்பியிருந்தன. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. நகரில் அத்தகையவை பல உள்ளன, நான் கண்டது எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும் என்றே பழக்கப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஊரில் எனக்கு ‘முன்பதிவு’ என்ற ஒன்றே தெரியாது. நன்னிலம் பக்கம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் போனால் ஓ.பி. சீட்டுப் போடுவார்கள், பார்ப்பார்கள், மேலே அனுப்ப வேண்டுமென்றால் வட்ட மருத்துவமனை, அதற்கும் மேலே திருவாரூர் அல்லது தஞ்சை. ஏணியின் படிகள் எங்கே இருக்கின்றன என்பது ஊரில் அனைவருக்கும் தெரியும். 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு ஆச்சிக்கு இரத்தஅழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அங்கு எல்லாம் செம்மை என்று நான் சொல்லவில்லை; அத்தையின் கதை அதே ஏணியின் நிழலில்தான் நடந்தது. ஆனால் முதல் படி எது என்று தேட வேண்டியதில்லை.

தில்லியில் அந்த முதல் படியே புலப்படுவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆனால் தலைநகரில் ஒன்றிய அரசின் மருத்துவமனைகள், தில்லி அரசின் மருத்துவமனைகள், மாநகராட்சியின் மருத்துவமனைகள், மத்திய அரசு ஊழியர்களுக்கான மருந்தகங்கள், தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனைகள் என ஒரே தெருவிலேயே வெவ்வேறு ஆட்சிகள் நடக்கின்றன. ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு (நம் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர்) கீழிருந்து மேலாக, ஆரம்ப சுகாதார மையத்தை அடியாகக் கொண்ட படிநிலை அமைப்பொன்றைக் கற்பனை செய்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு தலைநகரின் பெரிய மருத்துவமனை வாசலில் விடியுமுன் நிற்பவர்களைப் பார்த்தால், அப்படிகளைக் கடந்து வந்தவர்கள் எத்தனை பேர், படிகளே இல்லாமல் நேராக இங்கே வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றும்.

நான் வரிசையில் சேர்ந்தது காலை ஐந்தேகால் மணிக்கு. அன்றன்றைய நேரடிப் பதிவு எட்டு மணிக்குத்தான் தொடங்கும். எனக்கு முன்னால் ஏறத்தாழ அறுபது பெண்கள். உடனே முன்னால் நின்றவர் தர்பங்காவிலிருந்து வந்தவர். கணவருக்குச் சிறுநீரகக் கல். நான்கு நாட்களாக இருவரும் ‘ரைன் பசேரா’ எனப்படும் இரவுத் தங்கலில் படுத்தெழுந்து வந்துபோகிறார்கள். ‘நம்பர் லகா லியா, பேட்டி?’ என்றார். தமிழில் நாம் டோக்கன் போடுகிறோம், சீட்டுப் போடுகிறோம். அவர்கள் நம்பரை ‘லகா’க்கிறார்கள். ‘சந்திப்பு நேரம்’ என்று அகராதியில் இருப்பது எம்மொழியிலும் இவ்வாசலுக்கு வந்து சேரவில்லை.

அந்த அம்மையார் பத்து நிமிடத்தில் எனக்குக் கற்பித்தவை எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. இங்கே வரிசை ஒன்றன்று, மூன்று. முதலாவது, பர்ச்சி என்னும் சீட்டுக்கு. இரண்டாவது, அந்தச் சீட்டில் அறை எண் எழுதி வாங்குவதற்கு. மூன்றாவது, அறை வாசலில் காவலர் சீட்டுகளை வாங்கி அடுக்கிவைப்பார். அந்த அடுக்கில் நம் சீட்டு எங்கே இருக்கிறது என்பதே உண்மையான நம்பர். துறைக்குள் ‘யூனிட்’ உண்டு. முதன்முதல் எந்தக் கிழமை பார்த்தார்களோ அந்த யூனிட்டின் கிழமைகளில் மட்டுமே மறுபடி வர வேண்டும். ஆகையால், வகுப்போ கூலிவேலையோ இல்லாத கிழமையாகப் பார்த்து முதல் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர் நான்கு நாட்களில் வரைந்து முடித்த நிறுவன வரைபடம் அது.

தூணில் ஒரு க்யூஆர் குறியீடு ஒட்டியிருந்தது. 2022-இல் வந்த ஏற்பாடு: 14 இலக்க ‘ஆபா’ எண் வைத்திருப்பவர் கைபேசியால் அதை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரும், டோக்கன் எண் திரையில் வரும், தனிச் சாளரத்தில் உடனே சீட்டு வாங்கலாம். அச்சாளரத்தில் ஏழெட்டு இளைஞர்களே நின்றனர். அம்மையாரிடம் இருந்தது பொத்தான் கைபேசி. என் கைபேசியில் அவர் கணவருக்கு ஆபா எண் உருவாக்க முனைந்தேன். ஆதார் கேட்டது. ஆதாருடன் இணைந்த கைபேசி எண் தர்பங்காவில் மகனிடம் இருந்தது. மகனை எழுப்பி, அவனுக்கு வந்த ஆறு இலக்கத்தை அவன் சொல்ல, அம்மையார் திரும்பச் சொல்ல, நான் பதிய, இரண்டாம் முயற்சியில் எண் உருவானது. அவர் சீட்டு வாங்கி வந்தபோது ஏழு நிமிடங்கூட ஆகியிருக்காது. என் சீட்டையும் அவ்வாறே எடுத்தேன்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் வேல்ஸ் மருத்துவர் 1971-இல் லான்செட் இதழில் ‘தலைகீழ்க் கவனிப்பு விதி’ என்றொரு கருத்தை வைத்தார்: நல்ல மருத்துவம், அதன் தேவை எங்கு மிகுதியோ அங்கே குறைந்து கிடைக்கிறது. அவர் எழுதியது சுரங்கத் தொழிலாளர் நடுவே பணிபுரிந்த பட்டறிவிலிருந்து, சந்தை மருத்துவத்தைக் கருத்தில் கொண்டு. கட்டணமே இல்லாத இடத்திலும் அது எப்படி நுழைகிறது என்பதற்கு அந்தத் தூணும் இரண்டு வரிசைகளும் போதும். குறியீட்டை அகற்ற வேண்டும் என்பதல்ல என் கருத்து. பக்கத்தில் ஒரு பணியாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அறுபது பேரில் நாற்பது பேராவது அந்த வழியில் போயிருப்பார்கள்.

பதினொன்றரைக்கு என்னைப் பார்த்தவர் என்னைவிட இளைய பயிற்சி மருத்துவர். நான்கு நிமிடம். கண்களில் தூக்கமின்மை. பின்னால் வந்து நின்று இரு கைகளாலும் கழுத்தைத் தொட்டு ‘நிக்லியே’ என்றார். இந்தியில் ‘வெளியே போங்கள்’ என்பதற்கும் ‘விழுங்குங்கள்’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு ககரத்தின் ஒலிப்பு மட்டுமே. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். தமிழ்ச் செவிக்கு அவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு கணம் திகைத்தேன். அவர் தம் தொண்டையைத் தொட்டுக் காட்டியதும் விழுங்கினேன். அந்த ஒரு கணத்தை நினைத்து இப்போது சிரிக்கிறேன் என்றாலும், குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு எனத் தமிழில் வகைவகையாகச் சொல்லக்கூடிய ஒரு கிழவியை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால், ‘தர்த்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர் எதைச் சொல்லி எதை விடுவார் என்னும் எண்ணம் எழாமல் இல்லை.

இரத்தப் பரிசோதனை அன்றே முடிந்தது. ஸ்கேனுக்கு இருபத்து நான்கு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அர்ஜென்டினச் சமூகவியலாளர் ஹாவியர் ஆவ்யேரோ, அரசு அலுவலகங்களில் ஏழைகள் காத்திருப்பதையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதியிருக்கிறார். காத்திருக்க வைப்பதன் வழியாகவே அரசு அவர்களைப் பணிவுள்ளவர்களாக ஆக்குகிறது என்பது அதன் வாதம். அதைக் கருத்தரங்கில் படித்தபோது தலையாட்டினேன். தேதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றபோது, பணிவைவிடக் கணக்கே முன்னே வந்தது: அத்தைக்கு இரண்டு ஆண்டுகள், எனக்கு இருபத்து நான்கு நாட்கள்.

அங்கே நின்றுதான் அம்மாவுக்குச் சொன்னேன். மறைக்கும் வலு அதற்கு மேல் இல்லை. அம்மா வழக்கம்போல் அழவில்லை, ‘சாப்பிட்டியா பாப்பா?’ என்றுதான் முதலில் கேட்டாள். பேசி முடித்ததும் அருகே ஒரு குரல்: ‘தமிழாணோ மோளே?’ கோட்டயத்துச் செவிலியர். இந்நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றுகிறார். என் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: நாள்தோறும் சிலர் தேதிக்கு வராமற் போகிறார்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்கேன் சாளரத்தில் நிற்பவர்களுக்கு அந்த இடங்களைக் கொடுப்பார்கள், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சிபாரிசு ஏதும் அவர் செய்யவில்லை. விதி என்னவோ அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த விதி மலையாளத்தில் என் காதுக்கு வந்தது. அது எனக்கு நிறைவளிக்கவில்லை. மறுநாள் வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி வந்தேன். ஸ்கேன் சாளர ஊழியர் என்னை முறைத்தார்.

மூன்றாம் நாள் இடம் கிடைத்தது. ஸ்கேனில் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடுத்த வாரம் நுண்ணூசியால் உறிஞ்சி எடுத்தார்கள். எறும்புக் கடியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. முடிவு வருவதற்கான எட்டு நாட்களில் மூன்றாம் இயலின் அடிக்குறிப்புகள் அனைத்தையும் சரிபார்த்து முடித்தேன், வேறெதுவும் செய்ய இயலாமல். ‘பெதெஸ்தா இரண்டாம் வகை’ என்று எழுதியிருந்தது. தீங்கற்றது. ஓராண்டு கழித்து மீண்டும் ஸ்கேன். தர்பங்கா அம்மையாரின் கணவருக்கு அறுவை சிகிச்சைத் தேதி ஜூனில் கிடைத்ததாக மகன் தொலைபேசியில் சொன்னான். அதுவரை ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு: ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆதாருடன் உங்கள் கைபேசி எண்ணை இணைத்துவிடுங்கள், ஆபா எண்ணும் எடுத்துவிடுங்கள். நலமைய மருத்துவரிடம் துறையின் பெயரைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். பழைய சீட்டுகளை எறியாதீர்கள். முதன்முறை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். செவ்வாய் தவிர மற்ற நாட்களில் காலை ஐந்து மணிக்கு விடுதி வாசலிலிருந்து உடன் வர என்னால் இயலும்.