மூடியைத் திறப்பதற்கு முன்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரக் கிராமங்களில் வீடு என்றால் பத்து சென்ட் நிலம், நாலு தென்னை, ஒரு கிணறு, ஒரு செப்டிக் டேங்க். கிணற்றைப் பற்றி எல்லோருக்கும் பெருமை. எந்தக் கோடையிலும் வற்றாது, சர்க்கரை போடாமலே இனிக்கும் என்பார்கள். டேங்க் பற்றி வாய் திறப்பதில்லை. மூடியை மறைத்து டைல்ஸ் பதித்து, அதன் மேல் துவைக்கிற கல்லையும் போட்டுவிட்டவர்கள் உண்டு. ஜூன் மாதம் இடவப்பாதி மழை கொட்டும்போது ஒரு நாள் காலை கழிப்பறையில் தண்ணீர் இறங்க மறுக்கும். அப்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

உடனே ஆள் தேடும் படலம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. அரசாங்கங்கள் கோடு கிழித்தாலும் கொத்தனாரும் பிளம்பரும் கிணறு வெட்டுகிறவரும் களியக்காவிளையைத் தாண்டிப் போய்வருவது நிற்கவில்லை. கழிவு உறிஞ்சும் லாரிக்கான பேரமும் பாதி மலையாளம், பாதி தமிழில்தான் நடக்கும். வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு ஆகும்? கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? உள்ளே யாராவது இறங்க வேண்டியிருக்குமா?

முதல் கேள்வி கிணற்றுக்காக. செப்டிக் டேங்க் போட்டதையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் அது ஒரு தேக்கத் தொட்டிதான். கனமானது சேறாக அடியில் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் ஆடையாக மேலே மிதக்கின்றன. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. நடுவே தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. சேறு ஏற ஏற நீர் தெளிவதற்கு இடம் குறைந்து, கழிவும் கூடவே வெளியேறும். அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை எடுக்கச் சொல்கிறார்கள். அடைத்துக்கொள்ளட்டும், பார்க்கலாம் என்று பதினைந்து வருடம் காத்திருப்பவர்களின் உறிஞ்சுகுழி அதற்குள் பாழாகியிருக்கும். ஆசிட்டையும் கிருமிநாசினியையும் தாராளமாக ஊற்றினால் வேலை செய்யும் பாக்டீரியாவும் சாகும். நாப்கினும் பொரித்த எண்ணெயும் உள்ளே போகவே கூடாது.

இதில் இன்னொரு சிக்கல். பல வீடுகளில் ‘டேங்க்’ என்று சொல்லப்படுவது, சிமெண்ட் உறைகளை அடுக்கி அடிப்பாகம் பூசாமல் விட்ட குழி. கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது ஏழரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கேரளத்தின் கட்டட விதி. தன் கிணற்றிலிருந்து அளந்து பார்க்கும் வீட்டுக்காரர், மதிலுக்கு அப்பால் இருக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றை அளப்பது அபூர்வம். துளைகள் நிறைந்த செம்புராங்கல் மண்ணுக்கு மதில் எங்கே என்று தெரியாது.

லாரிக்காரரின் கணக்கும் கிணற்றில்தான் போய் முடிகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் முட்டத்தறையில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுமார் 20 கி.மீ. பாறசாலையிலிருந்து இன்னும் தூரம். டீசல், நேரம், கட்டணம் எல்லாம் சேர்ந்தால் கூலி கூடும். மிகக் குறைந்த தொகைக்கு ஒருவர் ஒத்துக்கொண்டால், இரவில் ஏதோ ஒரு தோட்டிலோ வாய்க்காலிலோ குழாயைத் திறந்துவிடுவாரோ என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. அந்த நீர் நெய்யாற்றைத் தேடித்தான் ஓடும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் யாரோ ஒருவர் குடத்தில் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது கேள்வி உயிருக்காக. மூடிய தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கி நிற்கும். அழுகிய முட்டை வாடை அடித்தால் எச்சரிக்கை என்பார்கள். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. மூடியை முந்தின நாளே திறந்து வைத்தாலும் பயனில்லை. சேற்றைக் கலக்கியதும் புதிதாக வாயு கிளம்பும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து மடிவது இந்தியாவில் திரும்பத் திரும்ப நடக்கும் கதை.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதாளச் சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 2014-இல் 10 லட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது. ஆள் இறங்குவது நிற்கவில்லை.

2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை மழைவெள்ளம் இழுத்துச் சென்றது. அவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். உடல் 15-ஆம் தேதிதான் கிடைத்தது. மனிதன் இறங்காமல் சாக்கடையைச் சுத்தம் செய்வதற்காகத் திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் 2018-இல் அறிமுகப்படுத்திய ‘பாண்டிகூட்’ ரோபோ தேடுதலுக்கு வந்தது. குப்பை அள்ள மனிதன் போனான். மனிதனைத் தேட எந்திரம் வந்தது.

யார் இறங்குகிறார்கள் என்பதற்குப் பழைய சாட்சியம் ஒன்று இலக்கியத்தில் இருக்கிறது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய நாவல் ஆலப்புழைத் தோட்டிகளின் மூன்று தலைமுறைக் கதை. நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி அதைத் ‘தோட்டியின் மகன்’ என்று தமிழாக்கினார். முதல் இரு தலைமுறைகளின் பெயர்கள் இசக்கிமுத்து, சுடலைமுத்து. கேரள நகரத்தின் மலம் சுமக்க எந்த மண்ணிலிருந்து ஆள் போனார்கள் என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடும். தோட்டி மகன் தோட்டியாகக் கூடாது என்பதுதான் அந்தத் தகப்பனின் ஒரே ஆசை. வாளி போய்விட்டது, ஆசை இன்னும் பலருக்கு மிச்சமிருக்கிறது.

வீட்டுக்காரரால் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. மூடி எங்கே என்பதும் கடைசியாக எப்போது சுத்தம் செய்தது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். லாரி எங்கே கொட்டுகிறது என்று ஊராட்சியிலோ நகராட்சியிலோ விசாரித்துவிட்டு ஆளை அழைக்கட்டும். குழாய் எட்டாத இடத்துக்கு, “நான் இறங்கி எடுத்துத் தர்றேன், ஐந்நூறு கூடக் கொடுங்க சார்” என்று யாராவது சொன்னால், அந்த ஐந்நூறைக் கொடுக்காமலிருக்கட்டும். எட்டாத சேறு அங்கேயே கிடந்துவிட்டுப் போகட்டும்.