டெல்லியில் ஒரு ‘கல்’

1996 ஜூலை. டெல்லியில் ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பா நெல் விற்ற காசில் டிக்கெட். மன்னார்குடியிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து இரண்டு ராத்திரி, ஒரு பகல் ரயில். டை கட்டத் தெரியாது என்பதால் நண்பன் ஊரிலேயே முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தான். தலை வழியாக மாட்டிக்கொண்டு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால்... மழை!

நம்ம ஊர் மழை இடித்து, மின்னி, நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரும். இது பைப் உடைந்த மாதிரி கொட்டியது. மின்டோ பாலத்துக்கு அடியில் ஒரு பஸ் ஜன்னல் வரை முழுகி நின்றது. ஆட்டோக்காரர் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல் வண்டியைத் திருப்பினார். பெரிய மழை பெய்தால் அங்கே பஸ் முழுகுவது டெல்லியில் சம்பிரதாயமாம்.

ஆபீஸ் கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. குடை பிடித்த வாட்ச்மேன் என் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ‘‘கல்’’ என்றார். போயே போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஹிந்தி பிராத்மிக் பாஸ் பண்ணியவன் நான். ‘கல்’ என்றால் நாளை. ஆகா, மழைக்காக ஒத்திப் போட்டிருக்கிறார்கள்! ராத்திரி ரயிலை விட்டுவிட்டு எங்கேயாவது முடங்க வேண்டியதுதான். பையில் நூற்று எண்பது ரூபாய். பகல் பூராவும் பாக்கி.

கன்னாட் பிளேஸுக்கு நடந்தேன். ராபர்ட் டோர் ரஸ்ஸல் வடிவமைத்து, 1933-ல் கட்டி முடித்த வட்டம். வெள்ளைத் தூண்கள் வைத்த தாழ்வாரத்திலேயே நடக்கலாம். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே ரோட்டைக் கடக்கும்போது மட்டும் மொத்தமாக நனையலாம். முந்தின வருஷம்தான் ராஜீவ் சௌக் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். (மெட்ரோ ஸ்டேஷன் வந்தது 2005-ல்.) ஒரே செருப்புக் கடையைப் பார்த்து ‘அட, அதே மாதிரி இன்னொண்ணு’ என்று மூன்று தடவை வியந்த பிறகுதான், நான் வட்டமடிப்பது உறைத்தது. கடைக்காரர் சிரித்தார்.

அப்புறம் ஜந்தர் மந்தர். ராஜா ஜெய்சிங் 1724-ல் கட்டியது. எழுபதடி உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம். நான் போன நேரம் சூரியனும் இல்லை, நிழலும் இல்லை. ஊரிலேயே பெரிய கடிகாரத்தடியில் நின்றுகொண்டு, என் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தேன். அதற்குள்ளும் தண்ணீர். பதினொன்றே காலில் நின்றிருந்தது. சர்ட்டிபிகேட்டுகள் மட்டும் பத்திரம். அம்மா மூன்று பாலிதீன் கவர் போட்டிருந்தாள்.

தாழ்வாரத்தில் ஒரு டீக்காரர். இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொடுத்துவிட்டு, வானத்தைக் காட்டி, ‘‘கல் பாரிஷ் நஹி தீ’’ என்றார்.

நாளைக்கு மழை இல்லை என்கிறார், பேஷ். இரண்டு வாய் குடித்த பிறகு உதைத்தது. அந்த ‘தீ’! அது நெருப்பில்லை ஸ்வாமி, இறந்த காலம். நேற்று மழை இல்லை என்கிறார். ஹிந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தைதான். பின்னால் வருகிற வினையை வைத்துத்தான் எந்தக் கல் என்று தெரியும். வாட்ச்மேன் வினை எதுவும் சொல்லவில்லையே!

மறுபடி ஓடினேன். ‘‘கல்?’’ என்று முன்னால் கையைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, தன் தோளுக்குப் பின்னால் கையை வீசினார். ‘‘கல் ஹோ கயா, பாபுஜி.’’ என் முகத்தைப் பார்த்தாரோ என்னமோ, ஸ்டேஷன் வரைக்கும் போகிற பஸ்ஸில் அவரே குடை பிடித்து ஏற்றிவிட்டார்.

ராத்திரி எஸ்.டி.டி. பூத். ஊரில் மளிகைக் கடைக்குத்தான் போன். அப்பா அங்கேயே காத்திருந்திருக்கிறார்.

‘‘அப்பா...’’

‘‘நீ ரயிலேறின மறுநாள் தந்தி வந்துச்சுடா. ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லி. நீ ரயில்ல இருக்கே, யார்கிட்ட சொல்றது?’’

சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

‘‘இங்க நல்ல மழைப்பா.’’

‘‘அங்க பேஞ்சு என்னடா பிரயோஜனம்? குடகுல பேஞ்சாலாவது மேட்டூருக்கு வரும். தலையை நல்லாத் துவட்டிக்கிட்டு வண்டி ஏறு.’’