617 இலக்கக் கையெழுத்து

என் கட்சிக்காரர் மேற்கு மாம்பலத்தில், ஆரிய கௌடா சாலையை ஒட்டிய தெருவில் அச்சகம் நடத்தியவர். குடும்பத்துக்குள்ளேயே பிரைவேட் லிமிடெட் கம்பெனி. தம்பி மகனோடு தகராறு. திடீரென ஒருநாள், அவர் இயக்குநர் பதவியை ராஜினாமா செய்ததாகக் கம்பெனிப் பதிவாளரிடம் படிவம் ஏறியிருந்தது. அடியில் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து.

"மவுஸையே நான் தொட்டதில்லை சார். கையெழுத்து எப்படிப் போட்டிருப்பேன்?" என்றார்.

தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் எதிர்த்தரப்பு இரண்டு ஆயுதங்களோடு வந்தது. ஒன்று, அப்போது அமலில் இருந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 85பி பிரிவு. பாதுகாப்பான மின்கையெழுத்து என்றால் உரியவரே சம்மதித்து இட்டதாக அனுமானிக்க வேண்டும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இன்னொன்று கணிதம்: இந்தக் கையெழுத்தைப் போலியாகப் போடவே முடியாது.

கணிதத்தை நான் முழுமையாக ஒப்புக்கொண்டேன். 89-ஐ 97-ஆல் பெருக்கினால் 8633. பெருக்குவது சுலபம். 8633-ஐ மட்டும் கொடுத்து அந்த இரண்டு பகா எண்களையும் கேட்டால் திணறுவோம். கையெழுத்துக்கு ஆதாரமான எண்ணும் இப்படி இரண்டு பகா எண்களின் பெருக்கம்தான்; அதைப் பிரித்தால் போலிக் கையெழுத்து போடலாம். அதற்கோ 617 இலக்கங்கள். ஓர் எண் பகா எண்தானா என்று விரைவாகச் சொல்ல உறுதியான வழி உண்டென 2002-ல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும் நிறுவினார்கள். ஆனால் பகு எண்ணின் காரணிகளைப் பிரித்தெடுக்க அப்படியொரு வேகமான வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரே ஒரு பிராசஸர் கோர் அந்த வேலையைச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

என் வாதம் இங்கேதான் தொடங்கியது. எண்ணை உடைக்க முடியாது. கையெழுத்திடும் ரகசியச் சாவியை, அது பதிந்திருக்கும் யூஎஸ்பி டோக்கனிலிருந்து நகலெடுக்கவும் முடியாது. அப்படியானால் அன்றைக்குக் கையெழுத்திட்டது, டோக்கனும் பாஸ்வேர்டும் யார் கையில் இருந்தனவோ அவர்தான். அந்தக் கை யாருடையது?

தீர்ப்பாயம் டோக்கனை வரவழைத்தது. கம்பெனியின் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து அது பழுப்பு உறையில் வந்தது. உறைமேல் என் கட்சிக்காரர் பெயர்; அதன் கீழே பால்பாயிண்ட் பேனாவில் பாஸ்வேர்டு. டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்தே டோக்கன் அங்கேதான் இருந்தது. தம்பி மகன் போனில் சொன்னதால் படிவத்தை ஏற்றியதாக அங்கிருந்த ஊழியரும் ஒப்புக்கொண்டார். 85பி-யின் அனுமானம் உடைந்தது. ராஜினாமா செல்லாது என்று உத்தரவானது.

அந்த எண் யாருடைய சாவி என்பதைத் துல்லியமாகச் சொல்லும். சாவியைத் திருப்பிய கை யாருடையது என்று அதற்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ரகசியச் சாவியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உரியவர்மீதே சுமத்துகிறது. கட்சிக்காரர் தப்பினாலும் எல்லோருக்கும் இப்படிச் சாட்சி கிடைக்காது. உங்கள் டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் மேஜையில் இருந்தால், இன்றே போய் வாங்கிவந்து, பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.