மொட்டை மாடி இல்லாத வீட்டு வற்றல்

காய்கறித் தோட்டத்துக்கு நம் அலுவலக நேரம் தெரியாது. வெண்டைக்காயை நாலைந்து நாள் பறிக்காமல் விட்டால் முற்றி நாராகிவிடும். பயற்றங்காய் ஒரு வாரம் கைகொள்ளாமல் காய்க்கும். பிறகு சில வாரம் ஓய்வெடுக்கும்.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் அம்மாவுக்கு ஒரு சிறிய பாத்தி உண்டு. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, இப்படிப்பட்ட தோட்டங்கள் பல பேட்டைகளிலும் முளைத்துவிட்டன. காய்த்ததில் முதல் பங்கு எப்போதும் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு. அப்படிக் கொடுத்தும் மிஞ்சும்.

“ஃப்ரீசரில் வைக்கலாமே” என்றால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். “பழசைத் தின்னவா இவ்வளவு பாடுபட்டு வளர்க்கிறேன்?” என்பார்.

அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சுண்டைக்காய், கொத்தவரங்காய், மணத்தக்காளி என்று எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயவைத்து வற்றலாக்கிய வீடு அது. “அந்த வற்றலும் போன மாசத்துக் காய்தானேம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். பதில் வரவில்லை.

உண்மையில் இரண்டும் ஒரே வேலைதான். கிருமி பெருகத் தண்ணீர் வேண்டும். வெயில் அந்தத் தண்ணீரை எடுத்துவிடுகிறது. ஃப்ரீசர் அதைப் பனிக்கட்டியாக்கிப் பூட்டிவைக்கிறது. நினைத்த நேரத்தில் மழை கொட்டும் சிங்கப்பூரில், அடுக்குமாடி வீட்டில் வற்றல் போடுவது எளிதல்ல. நமக்கு ஃப்ரீசர்தான் மொட்டை மாடி.

அம்மா மனம் மாறியதற்கு என் விளக்கம் காரணமல்ல. முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. இரண்டு மாதமாவது தோட்டத்தில் குனிந்து நிமிர முடியாது. “அதுவரைக்கும் பேரன் கடைக்காயா சாப்பிடுவான்?” என்று கேட்டவர், தானே ஃப்ரீசரைத் திறந்து எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். அடுத்த மூன்று வார இறுதிகளும் அடுப்படியில் கழிந்தன.

காயை அப்படியே உறையவைத்தால் போதாது. அதிலுள்ள நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுத்துவிடும். அதனால் முதலில் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். அரை கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும். நறுக்கிய பயற்றங்காய்க்கும் பிஞ்சு வெண்டைக்காய்க்கும் மூன்று நிமிடம். கீரைக்கு இரண்டு நிமிடம். வெண்டையைக் காம்பு மட்டும் நீக்கி முழுதாகப் போட்டால் கொழகொழப்பு வெளியே வராது. எடுத்த உடனே ஐஸ் தண்ணீரில் அதே அளவு நேரம் போட்டு, வடித்து, துணியில் ஈரம் போக ஒற்ற வேண்டும். பச்சை மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் கொதிநீர் வேண்டாம். கழுவி உலர்த்தினால் போதும்.

பிறகு காயைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அதன்பின் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அப்போதுதான் ஒரே கட்டியாகாமல் வேண்டிய அளவு எடுக்க முடியும். பையின்மேல் தேதி எழுதுவது அவசியம். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம்வரை தரம் குறையாது.

ஒரே நாளில் ஃப்ரீசரை அடைத்துவிடவும் கூடாது. நூறு லிட்டர் ஃப்ரீசர் என்றால் நாளொன்றுக்கு மூன்று கிலோ போதும். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள்கள் உருவாகி, காயின் திசுவைக் கிழித்துத் தொளதொளவென்று ஆக்கிவிடும். 1910களில் லாப்ரடார் பகுதியில் தங்கியிருந்த அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் சட்டென்று உறைவதையும், சமைக்கும்போது புதிதுபோலவே இருப்பதையும் கவனித்தார். இன்று பேரங்காடியில் விற்கும் உறைந்த பட்டாணிக்குப் பின்னால் இருப்பது அந்தக் கவனிப்புதான்.

வெள்ளரிக்காய் இதற்கு ஒத்துவராது. உறைந்த வெண்டைக்காயும் பொரியலுக்குச் சரிப்படாது; குழைந்துவிடும். சாம்பாருக்கும் புளிக்குழம்புக்கும் நன்றாக இருக்கும். உருகவிடாமல் அப்படியே கொதிக்கும் குழம்பில் போட வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அம்மா, சாப்பாட்டு மேசையருகே நாற்காலி போட்டு அமர்ந்து சமையலை மேற்பார்வை பார்த்தார். பயற்றங்காய்ப் பொரியலை ருசித்துவிட்டு, “புதுசு மாதிரி இல்லை. ஆனா நம்ம காய்தான், தெரியுது” என்றார். பேரன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அந்த வாரங்களில் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியது எதிர்வீட்டு ஆன்ட்டி. ஒரு மாலை அம்மா என்னைக் கூப்பிட்டு, ஃப்ரீசரிலிருந்து ஒரு பை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: “உருகவிடாம அப்படியே சட்டியில் போடணும்னு சொல்லு.”