பனிமலையில் புல்லாங்குழல்

பெங்களூர் குமாரகிருபா சாலையின் ஆட்டோ இரைச்சலைத் தாண்டி கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் ரோரிக் கூடத்துக்குள் நுழைந்தால், எதிரே இமயமலை. ஊதாவும் நீலமுமாக அடுக்கடுக்காய்ச் சிகரங்கள். ரஷ்யரான நிகோலாய் ரோரிக், மகன் ஸ்வெதோஸ்லாவ் இருவரின் ஓவியங்களும் இங்கே உண்டு.

குறியீட்டு ஓவிய மரபில் வந்த தந்தைக்கு மலை என்றால் ஞானம். 1928-ல் குலு பள்ளத்தாக்கில் குடியேறி, 1947-ல் அங்கேயே மறைந்தார். இங்கில்லாத அவருடைய படம் ஒன்று நினைவுக்கு வருகிறது: 1930-ல் தீட்டிய 'கிருஷ்ணன்'. பூத்த மரத்தடியில் குழலூதுகிறான், பின்னால் பனிச்சிகரம். தமிழ் படித்தவர்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். மாயோன் முல்லைக்காட்டுத் தெய்வம். பனிமலைக்கு ஐந்திணையில் இடமே கிடையாது. நல்லவேளை, ரோரிக் நம் இலக்கணம் படிக்கவில்லை.

இந்த மலைகள் பெங்களூருக்கு வந்தது மகனால். நடிகை தேவிகா ராணியை 1945-ல் மணந்த ஸ்வெதோஸ்லாவ், பின்னர் கனகபுரா சாலையில் தாதகுனி எஸ்டேட்டில் வாழ்ந்தார். 1993-ல் அவரும் மறு ஆண்டு தேவிகா ராணியும் காலமானார்கள். வாரிசு இல்லை. நானூறு ஏக்கருக்கும் மேற்பட்ட தோட்டம். வழக்குகளுக்குக் கேட்கவா வேண்டும்? 1996-ல் மாநில அரசு சட்டம் போட்டு அதைக் கையகப்படுத்தியது. உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்ல 2011 ஆயிற்று. பரிஷத்துக்கு ஸ்வெதோஸ்லாவ் கொடுத்த படங்கள் மட்டும் இந்த அல்லலில் சிக்காமல் தப்பின.

நான் போன பிற்பகலில் கூடத்தில் வேறு யாருமில்லை. ஒரு நீலச் சிகரத்தின் முன் நின்றுகொண்டே இருந்தேன்.

"மூடுற நேரமாச்சு சார்" என்றார் காவலாளி, தமிழிலேயே.