திட்டமிடலும் கலைப்பீட மாணவனும்

புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் கலைப்பீட மாணவன் ஒருவன், பட்டப்பின்படிப்பாக நகர, பிரதேசத் திட்டமிடலைக் கற்க விரும்புவதாகக் கூறுவானாயின், "அது கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் படிப்பதன்றோ?" என்னும் வினாவையே பெரும்பாலும் எதிர்கொள்ள நேரிடும். என்னிடமும் இவ்வினா பலமுறை விடுக்கப்பட்டுள்ளது. வினா நியாயமற்றதன்று, அதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. ஆயினும், அவ்வரலாற்றிலேயே அதற்கான மறுமொழியும் இருக்கின்றதென்பது என் எண்ணம்.

நகரத் திட்டமிடலுக்கென உலகில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத் துறையொன்று தோன்றியது லிவர்பூலில், 1909ஆம் ஆண்டில். அதற்குப் பொருளுதவி புரிந்தவர் வில்லியம் லீவர். எங்கள் கிணற்றடிகளில் இன்றும் காணப்படும் சண்லைற் சவர்க்காரத்தை உலகுக்கு அளித்தவர். பத்திரிகைகள் மீது தொடுத்த அவதூறு வழக்கிற் கிடைத்த நட்டஈட்டுப் பணத்திலிருந்தே அவர் இதற்கு வழங்கினார். (ஒரு கல்வித்துறை பிறப்பதற்குத்தான் எத்தனை வழிகள்!) அத்துறையில் மேலோங்கி நின்றோர் கட்டடக் கலைஞரே. அவ்வழி வந்த பற்றிக் அபர்குறோம்பி, 1940களிற் பேராதனை வளாகத்தின் திட்டத்தை வகுத்தோருள் முதன்மையானவர். ஹந்தானை மலையையும் மகாவலி கங்கையையும் மறைத்துவிடாது கட்டடங்களை இருத்திய அவரது கண்ணை இங்கு நாள்தோறும் நடப்பவர் எவரும் குறைகூறார். எனினும், ஒரு வளாகத்தை வரைவது வேறு; பல்லாயிரவர் ஏற்கெனவே வாழும் நகரொன்றின் மேற் கோடு கீறுவது வேறு.

இவ்வேறுபாட்டை ஆழமாக உணர்ந்தவர் ஒரு தாவரவியற் பேராசிரியர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். பற்றிக் கெடிஸ் என்னும் அந்த ஸ்கொத்லாந்துக்காரர் தமது நகரக் கண்காட்சியுடன் 1914இற் சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, அதே ஆண்டிற் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் திரட்டி அனுப்பிய மாற்றுப் பொருள்களைக் கொண்டு 1915இற் கண்காட்சியை நடத்தியபின், அவர் தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். நெருக்கமான குடியிருப்புகளை ஊடறுத்து நேரான வீதிகளை வெட்டுவதே அக்கால நகரசபைகளின் வைத்தியம். கெடிஸ் அதனை மறுத்தார். இடிந்து கிடந்த வீடொன்றை அகற்றிச் சிறு வெளியொன்றைப் பெறுவது, ஒரு சுவரைச் சற்றே பின்தள்ளி ஒழுங்கையை அகலமாக்குவது, மரமொன்றை நடுவது என்பவையே அவர் முறை. குடிகள் எழுப்பப்படாமையோடு செலவும் குறைந்தது. திட்டத்திற்கு முன் கள ஆய்வு என்பது அவரது இடைவிடாத வற்புறுத்தல். கொழும்பைப் பற்றியும் 1921இல் அவர் அறிக்கை அளித்துள்ளார்.

இந்தூரிற் கொள்ளைநோய் பரவியபோது அவர் செய்தது இன்னும் சுவையானது. தீபாவளியன்று ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்து, எந்தத் தெருக்கள் நன்கு துப்புரவாக்கப்படுகின்றனவோ அவற்றின் வழியே அது செல்லுமென அறிவிக்கச் செய்தார். ஊர்வலத்திற் பெரும் எலியுருவமும் சென்றது. இத்தகைய உபாயத்தை வரைபலகையில் எவரும் கண்டெடுக்க மாட்டார்.

கலைத்துறையிலிருந்து செல்வோர் தாமாகவே நல்ல திட்டமிடலாளர் ஆகிவிடுவர் என்று நான் வாதிடவில்லை. வோல்ற்றர் கிறிஸ்தாலரும் எம்மவரே, புவியியலாளரே. தென் யேர்மனியின் நகரங்களை ஆராய்ந்து 1933இல் அவர் வெளியிட்ட மத்திய இடக் கோட்பாட்டின் அறுகோணங்களை வரையாது எந்தப் புவியியல் மாணவனும் பரீட்சை எழுதுவதில்லை. அதே கிறிஸ்தாலர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நாசி அரசின் திட்ட அலுவலகத்தில் அமர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தை யேர்மானியக் குடியேற்றத்திற்காக ஒழுங்குபடுத்தும் வேலையில் அக்கோட்பாட்டையே பயன்படுத்தினார். அங்கு ஏற்கெனவே வாழ்ந்த மக்கள் அப்படத்தில் அகற்றப்பட வேண்டியோராயினர். இதனை நான் அறிந்தது விரிவுரையிலன்று, நூலகத்தில். அன்று முதல் அறுகோணம் எனக்கு வெறும் கேத்திரகணித உருவமாகத் தோன்றுவதில்லை.

என் இளங்கலை ஆய்விற்காகக் கடலோரக் குடியிருப்பு ஒன்றில் நண்பன் ஒருவனுடன் வீடுவீடாகச் சென்றிருந்தேன். வீதி அகலிப்பிற்கென முன்னரே யாரோ வந்து சில மதில்களிற் சிவப்பு மையால் இலக்கமிட்டிருந்தனர். அவ்விலக்கங்களின் பொருளை அங்குள்ளோருக்கு எவரும் விளக்கியிருக்கவில்லை. அளவைநாடாவைக் கண்ட மூதாட்டி ஒருவர், "தம்பியவை, அளக்க வந்தனீங்களோ, இடிக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். அளக்க மட்டுமே வந்தோம் என்றோம். "முந்தி வந்தவையும் அப்பிடித்தான் சொன்னவை" என்றார். பின்னர் தேநீரும் தந்தார். பெண்கள் நன்னீர்க் கிணற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையை அவரே எமக்குக் காட்டினார். எம்மிடமிருந்த வரைபடத்தில் அப்பாதை இருக்கவில்லை.

போல் டேவிடோவ் 1965இல் எழுதிய கட்டுரையை அதன்பின் வாசித்தபோது, அது எனக்கு அந்நியமாயிருக்கவில்லை. நீதிமன்றில் வழக்கறிஞர் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல, திட்டமிடலாளரும் குரலற்ற பிரிவினருக்காக மாற்றுத் திட்டங்களை வகுத்து வாதாட வேண்டுமென்பது அவர் கருத்து. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், சிக்காகோப் பல்கலைக்கழகம் சமூக விஞ்ஞானங்களின் அடிப்படையில் திட்டமிடற் கல்வியைத் தொடங்கியிருந்தது. 1956இல் அது மூடப்பட்டதாயினும், பொருளியலும் சமூகவியலும் இத்துறையினின்று பின்னர் வெளியேறவில்லை. இன்று பல நாடுகளில் இப்பட்டப்பின்படிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடிப்பது. வெவ்வேறு துறைப் பட்டதாரிகள் சேரக்கூடியது. காணிப் பொருளியல், திட்டமிடற் சட்டம், புள்ளிவிபரவியல் என்பவற்றோடு, மெய்யான ஓர் ஊரை எடுத்துக் குழுவாகத் திட்டம் வகுக்கும் செய்முறைப் பயிற்சியும் உண்டு. எமது நாட்டில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் துறையொன்றுள்ளது. 1946ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டத்தையும், நகர அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கிய 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தையும் அறியாது இங்கு எவரும் இத்தொழிலைச் செய்தல் இயலாது. மதிலில் இலக்கமிடும் அதிகாரம் யாருக்கு உண்டு, அதனை ஆட்சேபிக்கும் வழி யாது என்பன அத்தகைய சட்டங்களிலேதான் தேடிப் பார்க்கப்பட வேண்டியவை. அவற்றை ஆறுதலாக வாசித்து வருகின்றேன். சட்டத்தைவிடப் புள்ளிவிபரவியலே எனக்குக் கடினமாயிருக்கும் போலும். அதற்கெனக் கணிதத்துறை நண்பன் ஒருவன் வாரம் இருமுறை மாலையில் வந்து கற்பிக்க உடன்பட்டுள்ளான்.